மொட்டை மாடி சோயா ஒரு சாணிலேயே பூத்தது ஏன்?

விதைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பாவம் அவர்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வீடு. ஜூன் மாதம் ஜப்பானிய எடமாமே, அதாவது பச்சையாக அவித்துத் தின்னும் சோயா மொச்சை விதையை வாங்கி, மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் ஊன்றினீர்கள். 27-ஆம் நாளே பூ வந்துவிட்டது. செடி ஒரு சாணுக்குமேல் வளரவில்லை, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு காய்தான். தெருவிளக்கை ஒட்டிய மூலையில் இருந்த ஒரு தொட்டி மட்டும் இடுப்புயரம் போய், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பூத்தது. ஓசூர் பக்கம் தளியில் நிலம் வைத்திருக்கும் உங்கள் மச்சான், ஜே.எஸ். 335 என்ற சோயா ரகத்தை அங்கே போடலாமா என்று கேட்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: சோயாவில் ‘முதிர்ச்சி மரபணு’ என்கிறார்களே, அது ஒன்றா பலவா?

அந்த மூலைத் தொட்டியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். பயிர்ப்பெருக்கத்தில், அதாவது புது ரகம் உருவாக்கும் வேலையில், முப்பது வருடம் வயலில் நின்றவன் நான். அந்த ஒரு தொட்டியை வைத்தே உங்கள் விதைக்குள் எந்த மரபணு எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு இதை விளக்க சோயாவுக்கே போக வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி வந்தால் ஊரெல்லாம் அவரைக்காய் வாசனை. விஸ்வேஸ்வரபுரம் பக்கம் அவரைமேளா, அவரைக்காய் தோசை, உரித்துப் பிதுக்கிய பருப்பில் சாம்பார். இங்கே அவரைக்காய் என்று கூவி விற்பது நம் ஊர் மொச்சைதான். நம் பக்கமும் பொங்கலுக்குத்தானே மொச்சைக்கொட்டைக் குழம்பு? ஆடியில் ஊன்றினாலும் சரி, புரட்டாசியில் ஊன்றினாலும் சரி, நாட்டு மொச்சை பூப்பது ஐப்பசி கார்த்திகையில்தான். பனி விழுவதால் பூக்கிறது என்று என் பாட்டி சொல்வாள். பனி அல்ல, இரவு. இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்டால்தான் அந்தச் செடிக்குப் பூக்கும் உத்தரவு வருகிறது. இந்த வகையைக் குறும்பகல் தாவரம் என்கிறோம். பெங்களூரு ஹெப்பாள் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்து வந்த ‘ஹெப்பாள் அவரே’ வரிசையில் 3, 4 ஆகிய ரகங்கள் பகல் நீளத்தைச் சட்டை செய்யாதவை. அதனால்தான் இப்போது சித்திரையிலும் மார்க்கெட்டில் அவரைக்காய் கிடைக்கிறது. வாசனை போய்விட்டது என்று பழைய ஆட்கள் புலம்புவது வேறு கதை.

சோயாவும் குறும்பகல் தாவரம். சொல்லப்போனால், தாவரங்கள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்பதே சோயாவையும் புகையிலையையும் வைத்துத்தான் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் ‘பிலாக்ஸி’ என்ற சோயா ரகத்தை வசந்த காலம் தொடங்கி இடைவெளி விட்டு விட்டு விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் எல்லாம் சேர்ந்து செப்டம்பர் வாக்கில்தான் பூத்தன. பிறகு செடிகளை இருட்டறைக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டினார்கள்; உடனே பூ. 1920-ல் இதை வெளியிட்டார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்களுக்கு மரபணு தெரியாது, ஆனால் இந்த விஷயம் தெரிந்திருக்கிறது.

தெருவிளக்குக்கு வருவோம். ஓசூரில் இருந்தோ சிக்கபள்ளாபூரில் இருந்தோ இரவில் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: சாமந்தி வயலில் வரிசை வரிசையாக பல்பு எரியும். திருவிழா என்று நினைத்தவர்களும் உண்டு. சாமந்தியும் குறும்பகல் செடி. விளக்கு போட்டால் இரவு முடிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும், பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். தண்டு போதிய நீளம் வந்ததும் விவசாயி விளக்கை அணைப்பார், எல்லாம் ஒன்றாகப் பூக்கும். உங்கள் மூலைத் தொட்டிக்கு மாநகராட்சி இதே சேவையை இலவசமாகச் செய்திருக்கிறது.

இதில் நான் அசடு வழிந்த கதையும் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கலப்பின் இரண்டாம் தலைமுறைச் சோயாச் செடிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்த ஒரு வயலில், மற்றதெல்லாம் மஞ்சளடித்து இலை உதிர்ந்த பிறகும் பச்சைப் பசேல் என்று நின்ற ஆறு செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். ‘நீண்ட கால வகைகள்’ என்று நோட்டில் கோடு போட்டு எழுதினேன். அடுத்த பருவம் அவற்றின் விதையை ஆறு வரிசையாக விதைத்தால், ஊரோடு ஒத்துப் பூத்தன. என்னடா இது என்று பழைய வயல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு செடிகளும் பண்ணை வாசல் விளக்குக் கம்பத்தைச் சுற்றி நின்றவை. ஒரு பருவம் போச்சு. அன்றிலிருந்து எந்த வயலுக்குப் போனாலும் முதலில் கம்பம் எங்கே என்றுதான் பார்ப்பேன்.

சரி, செடி எதை வைத்து அளக்கிறது? இலைதான் கடிகாரம். பூக்கச் சொல்லும் உத்தரவு இலையில் தயாராகி, தண்டின் சாற்றுக்குழாய் வழியாக நுனிமொட்டுக்குப் போகிறது. அந்த உத்தரவு எஃப்.டி. என்ற குடும்பத்துப் புரதம். சோயாவில் முக்கியமாக எஃப்.டி.2ஏ, எஃப்.டி.5ஏ என்று இரண்டு. இதை வாய்க்கால் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால் பூ.

அந்த வாய்க்காலின் மதகுப் பலகைதான் இ1, நீங்கள் கேட்ட முதிர்ச்சி மரபணுக்களில் முதலாவது. ஆறாம் குரோமோசோமில் இருக்கிறது. பயறு இனத்துக்கு மட்டுமே உரிய ஒரு மரபணு; நெல்லிலோ கோதுமையிலோ தேடினால் கிடைக்காது. பலகை இறங்கி இருக்கும்வரை எஃப்.டி. தண்ணீர் ஓடாது. பெர்னார்டு என்ற அமெரிக்கப் பயிர்ப்பெருக்க அறிஞர் இ1, இ2 இரண்டையும் 1971-லேயே பெயரிட்டுவிட்டார், வயலில் பூக்கும் நாளை எண்ணியே. ஆனால் இ1 உண்மையில் எந்த மரபணு என்று கையில் பிடிக்க 2012 ஆனது. குரோமோசோமின் நடுமுடிச்சுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதியில் மரபணுக்கள் இடம் மாறிக் கலப்பது மிகக் குறைவு, அதனால் வலையைச் சிறிதாக்கிக் கொண்டே போய்ப் பிடிப்பது பெரும்பாடு.

பலகையை இறக்கி வைத்திருப்பது யார்? இ3, இ4. இரண்டும் ஃபைட்டோகுரோம் ஏ என்ற ஒளி உணரும் நிறமிப் புரதங்கள். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பாரே, அவர் மாதிரி. பகல் நீளமாக இருக்கிறது என்று தெரிந்தால் பலகையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பகல் சுருங்கினால் கை தளர்ந்துவிடும். இ2 கொஞ்சம் தனி ரகம். ஜைஜான்டியா என்ற, செடியின் உள்கடிகாரத்தைச் சேர்ந்த மரபணு. அதே வாய்க்காலில் இன்னோர் இடத்தில் சின்னப் பலகை போட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த நான்கிலும் வேலை செய்யும் வடிவம்தான் ஓங்கு பண்பு, அது பூப்பைத் தள்ளிப்போடும். பழுதான வடிவம் ஒடுங்கு பண்பு, அது சீக்கிரம் பூக்க விடும். பழுதிலும் படிநிலை உண்டு. இ1-ல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய ஒரு வடிவம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் புரதத்தால் செல்லின் உட்கருவுக்குள் ஒழுங்காக நுழைய முடியாது. முழுப் பழுது அல்ல, அரைப் பழுது. பலகை இருக்கிறது, ஆனால் இடுக்கில் ஒழுகுகிறது. 2010-ல் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்ட வில்லியம்ஸ் 82 என்ற புகழ்பெற்ற அமெரிக்க ரகத்திலும் இந்த ஒழுகும் பலகைதான். அதைவிட மோசமாக, மரபணுவே காணாமல் போன வடிவமும் உண்டு. அங்கே பலகையே கிடையாது.

இந்த நான்கு மரபணுக்களின் வடிவங்களைத் தெரிந்துகொண்டால் ஒரு ரகம் எப்போது பூக்கும் என்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சொல்லிவிடலாம் என்று ஜப்பானிய ஆய்வொன்று கண்டது. மீதி மூன்றில் ஒரு பங்கில்தான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

எனக்குச் சோயாவில் மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. சீனாவின் நடுப்பகுதி அட்சரேகைகளில் பழகிய பயிர் இது. அது வடக்கே போகவும் தெற்கே போகவும் முடிந்தது மரபணுக்கள் உடைந்ததால். புதிதாக எதையும் கற்றுக்கொண்டு அல்ல.

வடக்கைப் பாருங்கள். ஹொக்கைடோவில் கோடையில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். கனடாவில் அதற்கும் மேல். நல்ல மதகோடு ஒரு சோயாச் செடி அங்கே போனால், பகல் சுருங்கட்டும் என்று காத்துக் காத்து, பூப்பதற்குள் உறைபனி வந்து கொன்றுவிடும். ஆகவே பலகை உடைந்த செடிகளும், நீர்க்கட்டி இல்லாத செடிகளும்தான் அங்கே பிழைத்தன. ஹொக்கைடோ ரகங்களில் இ4 மரபணுவுக்கு நடுவே எங்கிருந்தோ தாவி வந்த ஒரு டி.என்.ஏ. துண்டு செருகிக்கொண்டு அதைக் கெடுத்திருக்கிறது. ஒரு விபத்துதான். ஆனால் அந்த விபத்தைத்தான் விவசாயி பொறுக்கி எடுத்து விதையாக வைத்துக்கொண்டார்.

தெற்கே சிக்கல் தலைகீழ். பெங்களூரில் ஜூன் 21 அன்றுகூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. வெயில் வருமுன்னும் போன பின்னும் இருக்கும் மெல்லிய வெளிச்சத்தையும் செடி கணக்கில் சேர்க்கும். அதைக் கூட்டினாலும் பதின்மூன்றரையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. டிசம்பரில் பதினொன்றரைக்கும் கீழே. வடக்கத்திச் செடிக்கு இது எப்போதுமே ‘பூத்துவிடு’ என்கிற நாடு. முளைத்த கையோடு பூத்து, ஒரு சாணில் காய்த்து, கதையை முடித்துக்கொள்ளும். இதனால்தான் பிரேசிலில் வெகு காலம் சோயா தென் மாநிலங்களில் மட்டுமே இருந்தது.

அங்கே கை கொடுத்தது ஜே என்ற மரபணு. மதகுக் கணக்கில் சொன்னால், இரவு நீண்டால் ஓடிவந்து இ1 பலகையைத் தூக்கிவிடும் ஆள் ஜே. பெரு நாட்டில் இருந்து வந்த ஒரு சோயா வகையிலும் வேறு சிலவற்றிலும் இந்த ஆள் இல்லை. தூக்க ஆள் இல்லாததால் குறும்பகலிலும் பலகை பாதி இறங்கியே கிடக்கும், பூப்பு தள்ளிப்போகும், செடி அதற்குள் உயரமாக வளர்ந்துவிடும். ‘நீண்ட இளமை’ என்று பெயர் பெற்ற இந்தப் பண்பைப் பிரேசிலியர்கள் ரகங்களுக்குள் புகுத்தினார்கள். சோயா செராடோ என்னும் உள்நாட்டுப் புல்வெளிக்கு ஏறியது. இன்று சோயாவுக்குப் பேர்போன மட்டோ கிரோசோ மாநிலத்தின் சொர்ரிசோ நகரம் தெற்கு அட்சரேகை பன்னிரண்டரை. நம் பெங்களூரு வடக்கே 13. பூமத்திய ரேகையில் கண்ணாடி வைத்தால் கிட்டத்தட்ட எதிர் எதிர் வீடு! ஜே என்பது எந்த மரபணு என்று 2017-ல்தான் உறுதியானது; அதுவும் உள்கடிகாரத்தைச் சேர்ந்த இ.எல்.எஃப்.3.

இங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. இ1 முதல் இ4 வரை ஓங்கு என்றால் தாமதம். ஜே-யில் ஓங்கு என்றால் சீக்கிரம், ஒடுங்கு என்றால் தாமதம். இ6-ம் அப்படியே, இ9-ம் அப்படியே. ஓங்கைப் பெரிய எழுத்திலும் ஒடுங்கைச் சின்ன எழுத்திலும் எழுதுவது வழக்கம்; பெரிய எழுத்து தாமதம், சின்ன எழுத்து சீக்கிரம் என்று மனப்பாடம் செய்துகொண்டு தேர்வில் வழுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டியலின் நீளத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம். இ5 என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்பதே சந்தேகம். பின்னால் ஆராய்ந்தவர்கள் அது இ2-ன் வேலையைத்தான் இ5 என்று எண்ணியிருக்க வேண்டும் என்றார்கள். இ6 என்று பெயரிட்டது ஜே மரபணுவின் இன்னொரு பழுது வடிவம்தான் என்று 2021-ல் தெரியவந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு! ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: பல. ஆனால் எண் சொல்வது போல அவ்வளவு பல அல்ல.

அமெரிக்கர்கள் இதையெல்லாம் சுருக்கி ரகங்களை 13 முதிர்ச்சிக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்று சுழி (000), இரண்டு சுழி (00), ஒரு சுழி (0), பிறகு ஒன்று முதல் பத்து. மூன்று சுழி கனடாவுக்கு, பத்து வெப்ப மண்டலத்துக்கு. குழு எண் பெரிதானால் தாமதம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு நம் ஊரில் நாள் கணக்குப் போடாதீர்கள். மூன்றாம் குழு ரகம் இல்லினாய்ஸில் நாலு மாதம் நின்று விளையும், இங்கே அதற்கு வெகு முன்னாலேயே காய்ந்து நிற்கும். நாள் எண்ணிக்கை விதைக்குள் எழுதியிருப்பது அல்ல. எந்தப் பகல் நீளத்தில் மதகு திறக்கும் என்பதுதான் எழுதியிருக்கிறது.

பயிர்ப்பெருக்கத்தில் இது எங்கெல்லாம் உதைக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். புத்தகத்தில் இவ்வளவு பச்சையாக எழுத மாட்டார்கள்.

முதல் உதை, கலப்பு. சோயாப் பூ திறப்பதற்கு முன்பே தன்னைத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். மொட்டை ஊசிமுனை இடுக்கியால் திறந்து, ஆண் உறுப்புகளைக் களைந்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தேய்க்க வேண்டும். இவ்வளவுக்கும் தயாராக நின்றால் அம்மா செடி பூத்து முடிந்திருக்கும், அப்பா செடி மொட்டுகூட விட்டிருக்காது. அதனால் தாமதமானதை முன்னாலும் சீக்கிரமானதை வாரம் ஒன்றாக மூன்று தவணையிலும் விதைப்போம். அல்லது தாமதமான செடியை மாலை 5 மணிக்கே கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டுவோம்.

இரண்டாவது, எதிர்பாராத பிரிவினை. இரண்டு பெற்றோரும் 40-ஆம் நாள் பூக்கிறார்கள், ஆகவே பிள்ளைகளும் 40-ஐ ஒட்டியே பூக்கும் என்று நினைத்தால் தவறு. ஒன்றில் இ1 நல்லது, இ2 பழுது. மற்றதில் இ1 பழுது, இ2 நல்லது என்று வையுங்கள். இரண்டாம் தலைமுறையில் 16 பங்கில் 9 பங்குச் செடிகளுக்கு இரண்டு பலகையும் இருக்கும், பெற்றோரைவிடத் தாமதம். ஒரு பங்குக்கு இரண்டுமே இருக்காது, பெற்றோரைவிட வெகு சீக்கிரம். இப்போதெல்லாம் நாற்றில் ஓர் இலைத் துணுக்கைக் கிள்ளி டி.என்.ஏ. அடையாளக்குறி பார்த்தே வேண்டாததைக் கழித்துவிடலாம். நாங்கள் அப்போது நாள் தவறாமல் காலையில் வயலுக்குப் போய்ப் பூ எண்ணினோம். இ1 பக்கத்திலேயே ரோமத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவும் இருக்கிறது. அதனால் சில கலப்புகளில் காய் ரோமம் பழுப்பா சாம்பலா என்று பார்த்தே தாமதமா சீக்கிரமா என்று ஓரளவு சொல்ல முடியும். ஏழைகளின் அடையாளக்குறி.

மூன்றாவது உதைதான் பெரியது: மகசூல். ஒரு செடி பத்து நாள் கூடுதலாக வயலில் நின்றால், தண்ணீர் இருக்கும்வரை, கூடுதலாகத்தான் காய்க்கும். பார்ப்பவர் ‘ஆகா, மகசூல் மரபணு’ என்பார். மகசூல் மரபணு என்று கொண்டாடப்பட்டவற்றில் கணிசமானவை வேஷம் போட்ட முதிர்ச்சி மரபணுக்கள் என்பது என் துணிபு. 90 நாள் ரகத்தை 105 நாள் ரகத்தோடு ஒரே தராசில் நிறுத்துவது, நாலு ஓவர் ஆடியவனையும் பத்து ஓவர் ஆடியவனையும் ரன் கணக்கில் ஒப்பிடுவது போல. ஒரே கால அளவுள்ள ரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

மத்தியப் பிரதேசத்தில் இந்தப் பத்து நாளுக்காக நடந்த இழுபறி தனி வரலாறு. ஜபல்பூரில் உருவாகி 1994-ல் வெளியான ஜே.எஸ். 335 ஏறக்குறைய 95 முதல் 100 நாள். அது நாட்டையே பிடித்துக்கொண்டது. ஆனால் செப்டம்பர் மழை பொய்க்கும் வருடங்களில் காய் முற்றுமுன் மண் காய்ந்துவிடும். சீக்கிரம் அறுத்துவிட்டால் உருளைக்கிழங்கோ பூண்டோ போடலாம் என்ற கணக்கும் சேர்ந்தது. அங்கே ஜே.எஸ். 95-60 போல 85 நாளை ஒட்டிய ரகங்கள் இடம்பிடித்தன. விவசாயி மகசூலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாளை வாங்கினார். நல்ல வியாபாரம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: பூப்பும் முதிர்ச்சியும் ஒன்றல்ல. பூத்த பிறகும் செடி பகலை அளந்துகொண்டுதான் இருக்கிறது. காய் பிடிப்பது, விதை நிறைவது, இலை உதிர்வது எல்லாம் நீண்ட பகலில் இழுத்துக்கொண்டு போகும். அதனால் முதல் பூ வந்த நாள் தனி, நூற்றுக்கு 95 காய் முற்றி நிறம் மாறிய நாள் தனி என்று இரண்டையும் நோட்டில் எழுதுகிறோம். ஒரே நாளில் பூத்த இரண்டு ரகங்கள் அறுவடையில் இரண்டு வாரம் தள்ளி நிற்பதுண்டு.

இனி உங்கள் செடிகள். ஜப்பானிய எடமாமே பெரும்பாலும் நுனி முடியும் வகை. டி.டி.1 என்ற மரபணு வேலை செய்தால் செடி பூத்த பின்னும் நுனியில் வளர்ந்துகொண்டே போகும். அது பழுதானால் பூ வந்த சில நாளில் நுனியும் பூங்கொத்தாகி, தண்டு அதோடு நின்றுவிடும். ஜப்பானில் நாற்பது நாளுக்கு மேல் வளர்ந்து பூத்த பிறகு நின்றால் நஷ்டமில்லை. பெங்களூரில் 27 நாளில் பூத்து அங்கேயே நின்றால் ஒரு சாண்தான். இரட்டைக் கேடு.

மூலைத் தொட்டி சொல்லும் சாட்சி இதுதான். மதகே இல்லாத வடக்கத்தி விதையாக இருந்தால் தெருவிளக்கை அது கவனித்திருக்கவே கவனித்திருக்காது. விளக்கடியிலும் 27-ஆம் நாளே பூத்திருக்கும். உங்களுடையது பத்து நாளுக்கு மேல் தள்ளிப் பூத்தது. அப்படியானால் வெளிச்சத்தைப் பார்க்கும் நீர்க்கட்டிகளில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார், பலகையும் முழுக்கப் போய்விடவில்லை. அந்த அரைப் பழுதான இ1-ஆக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கிறேன். டி.என்.ஏ. பார்க்காமல் பந்தயம் கட்டச் சொன்னால் ஒரு ஃபில்டர் காபி வரைக்கும் கட்டுவேன்.

மச்சானுக்கு: ஜே.எஸ். 335 கர்நாடகத்தின் பீதர், பெலகாவி, தார்வாட் பக்கமெல்லாம் வெகு காலமாக விளைந்த ரகம், தளியில் பூக்காமலோ பூத்துக் குட்டையாகியோ மோசம் போகாது. ஆனால் எனக்கு அவர் தமிழ்நாட்டு ரகமான கோ (சோயா) 3 போடுவதுதான் பிடிக்கும். மூன்று மாதப் பயிர், நம் பகல் நீளத்திலேயே பொறுக்கி எடுக்கப்பட்டது. ஆடிப்பட்டத்தை விட்டுத் தள்ளித் தள்ளி விதைத்தால் செடி குட்டையாகும் என்பதையும் சொல்லுங்கள். நாள் தப்பிவிட்டால் வரிசையை நெருக்கி, விதையைக் கூட்டிப் போடட்டும். குட்டைச் செடிக்குத் துணை வேண்டும். நவம்பரில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சி நடக்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், செடியாகவே பார்க்கலாம்.

உங்கள் மொட்டை மாடிக்கு சாமந்திக்காரர் வித்தையே போதும். அடுத்த ஜூனில் ஊன்றும்போது தொட்டிகளுக்கு மேலே முழ உயரத்தில் சாதாரண எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, மாலை ஆறரை முதல் இரவு 9 மணி வரை எரிய விடுங்கள். செடிக்குப் பகல் 15 மணி நேரமாகத் தெரியும். வெளிச்சம் பலமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. கரண்ட் போகும் ஊர், ஒரு பேட்டரி விளக்கும் தயாராக இருக்கட்டும். முளைத்ததிலிருந்து 25 முதல் 30 நாள் இப்படிச் செய்துவிட்டு விளக்கை எடுத்துவிடுங்கள். காய் நிறையும்போதும் பல்பு எரிந்தால் பச்சையாகவே நின்று இழுக்கும். மூலைத் தொட்டியை மட்டும் கம்பத்தில் இருந்து தள்ளி வையுங்கள், அந்த விளக்கை அணைக்க உங்களிடம் சுவிட்ச் இல்லை. ஒரே ஒரு தொட்டியைப் பல்பு படாத இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்து, இரண்டிலும் முதல் பூ வந்த நாளைக் குறித்து எழுதுங்கள். காபி யார் வாங்குவது என்று அப்போது பார்ப்போம்.